அம்மாவுக்குத்தான் காது மந்தமாச்சே!

கேள்வி: செந்தூலில் டியூக் நெடுஞ்சாலையை ஒட்டிய அடுக்குமாடியில் இருக்கிறோம். 74 வயதான என் அம்மா இரவு ஒரு மணி வரை டிவியை அலறவிடுகிறார்; கேட்டால் தூக்கம் வரவில்லையாம். மகனுக்கு இந்த வருஷம் எஸ்.பி.எம். தேர்வு. அவன் படிக்கட்டும் என்று அம்மாவைச் சாலைப்பக்க அறைக்கு மாற்றினோம். லாரி சத்தம் உண்டுதான், ஆனால் அவருக்குத்தான் காது மந்தமாச்சே. மகன் அறைச் சுவரில் ஸ்பாஞ்சு ஒட்டினால் டிவி சத்தம் நிற்குமா?

பதில்: நிற்காது. ஸ்பாஞ்சு அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்கும். வெளியிலிருந்து வருவதை மறிக்க அதற்குக் கனம் போதாது. அதை விடுங்கள். 'காது மந்தமாச்சே' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, அதற்கு வருவோம்.

வயதானால் முதலில் போவது மேல் சுருதி. ச், ஸ், ட் போன்ற ஒலிகள் மங்கும், பேச்சு புரியாது. லாரியின் உறுமலோ தாழ்ந்த சுருதி, அது காதில் நன்றாகவே விழும். அந்த உறுமலுக்கு மேல் வசனம் கேட்கத்தான் டிவியை ஏற்றுகிறார். படுக்கையறையில் தொடர் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999-லேயே சொல்லிவிட்டது. விழிக்காமல் தூங்கினாலும் லாரி போகும்போது இதயத் துடிப்பு ஏறும். பெற்றவளை அங்கே படுக்கவைத்துவிட்டு, தூங்கவில்லை என்று என்னிடம் புகார் சொல்கிறீர்கள். மகனும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

இன்றிரவே அம்மாவைப் பின்னறைக்கு மாற்றுங்கள். பையன் சாலைப்பக்க அறைக்கு வரட்டும்; சன்னல் வேலை முடியும்வரை சில வாரம் நுரைக் காதடைப்பான் போட்டுக்கொள்ளட்டும். மெல்லிசாக உருட்டி, காதை மேலே பின்னால் இழுத்துச் செருகி, அரை நிமிடம் விரலால் பிடிக்க வேண்டும். அரைகுறையாகச் செருகினால் பயனில்லை.

ஸ்பாஞ்சுக் காசைச் சாலைப்பக்க அறையின் சன்னலில் போடுங்கள். உங்களுடையது நாக்கோ சன்னல் என்றால், மூடினாலும் கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே காற்று நுழையும். காற்று வரும் வழியில் சத்தமும் வரும். வெளிச்சன்னலைத் தொட்டால் நிர்வாகத்திடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். அதனால் உள்பக்கம் 10 சென்டிமீட்டர் தள்ளி இரண்டாவது சன்னல் வையுங்கள்: 6.38 மில்லிமீட்டர் லேமினேட்டட் கண்ணாடி, நாலாபக்கமும் ரப்பர் அழுந்த மூடும் கதவு வகை. இழுத்து மூடுவது மலிவுதான், ஆனால் தடத்தில் ஒழுகும். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே சிலிக்கோன் அடைக்கச் சொல்லுங்கள்; பலர் கோட்டைவிடுவது அங்கேதான். சன்னலை மூடினால் புழுங்கும், ஏர்கோன் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அம்மாவை அரசாங்க கிளினிக்குக் கூட்டிப்போங்கள். முதலில் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்க்கட்டும். இல்லையென்றால் மருத்துவமனையில் செவித்திறன் பரிசோதனைக்குக் கடிதம் வாங்குங்கள். அதுவரை டிவிக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர் இணைத்து அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். நாலு மீட்டர் தூரம் ஒரு மீட்டரானால் திறந்தவெளிக் கணக்கில் 12 டெசிபல் மிச்சம். வீட்டுக்குள் கொஞ்சம் குறையும். அதற்குப் பிறகும் மகனுக்குக் கேட்டால், அவன் அறைக் கதவடியில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள்.