'சமர்ப்பிக்கவும்' என்ற பொத்தானும் உங்கள் மகளின் வேலையும்

அன்புள்ள அக்கா,

சனிக்கிழமை வெள்ளவத்தையிலிருந்து வந்து ஒரு மணித்தியாலம் கதைத்துவிட்டு, எழும்பும்போது ஒன்று கேட்டீர்கள். "சைக்கோலொஜி படிக்கிற பிள்ளை கம்பியூட்டர் கம்பனிக்குப் போய் என்ன செய்யப்போகிறாள்? அதுவும் மனம் சரியில்லாத ஆட்களுக்கான இணையத்தளமாம்." வெளியே அடுத்த பிள்ளை காத்துக்கொண்டிருந்ததால் அவசரமாக ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அது சரியான பதில் இல்லை என்று பிறகு மனதுக்குப் பட்டது. அதனால் எழுதுகிறேன்.

வேலையின் பெயர் பயனர் அனுபவ ஆய்வு. ஓர் இணையத்தளத்தையோ செயலியையோ பாவிக்கிறவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள், ஏன் என்று பார்ப்பது. கம்பனிகளில் யூஎக்ஸ் ரிசேர்ச் என்பார்கள். 1993ல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்த டொன் நோர்மன் தன் பதவிப் பெயரிலேயே 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டார். அவர் உளவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். உங்கள் மகள் படிப்பை விட்டு வேறு பாதையில் போகவில்லை, அக்கா. இந்தத் துறை தொடங்கிய வாசலாலேயே உள்ளே போகப் பார்க்கிறாள்.

அவள் சொல்கிற மாதிரித் தளம் எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். இரவு இரண்டு மணிக்கு நித்திரை வராத ஒருவர் போனைத் திறக்கிறார். பதற்றம் பற்றி வாசிக்கிறார், சில கேள்விகளுக்குப் பதில் போடுகிறார், மூச்சுப் பயிற்சி ஒன்று செய்து பார்க்கிறார். அந்த நேரத்தில் பக்கத்தில் ஆலோசகர் இல்லை. திரையில் உள்ள சொற்கள்தான் எல்லாம். அவுஸ்திரேலிய தேசிய பல்கலைக்கழகத்தில் உருவான மூட்ஜிம் என்ற மனநலத் தளம் 2001லேயே வந்துவிட்டது, அதனால் இது புதிய யோசனையும் இல்லை. ஆனால் இப்படியான தளங்களில் தொடங்குகிறவர்களில் பெரும்பங்கினர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். குந்தர் ஐசன்பாக் என்ற ஆய்வாளர் 2005ல் இதற்கு 'விலகல் விதி' என்றே பெயர் வைத்தார். விட்டுப்போனவர் ஏன் போனார், எந்த இடத்தில் போனார் என்று அவர் பக்கத்தில் இருந்து கண்டுபிடிப்பதுதான் உங்கள் மகள் செய்ய நினைக்கிற வேலை.

மூன்று வருடத்துக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவி, ஓர் அமைப்பு தமிழில் மொழிபெயர்த்து வைத்திருந்த மனநலக் கேள்விப் பக்கத்தை எடுத்து, கொட்டாஞ்சேனையில் ஐந்து பெண்களிடம் கொடுத்துப் பார்த்தாள். "நினைக்கிறதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கோ" என்று மட்டும் கேட்டாள். ஒரு அம்மா எல்லாக் கேள்விக்கும் பதில் போட்டார். கடைசியில் 'சமர்ப்பிக்கவும்' என்ற பொத்தான் வந்ததும் விரலை எடுத்துவிட்டார். "இது யாருக்குப் போகும் பிள்ளை? கிராம சேவகருக்கா?" என்று கேட்டார். அந்தச் சொல்லை அவர் வாழ்நாளில் கண்டது அரசாங்கப் படிவங்களில் மட்டும்தான். இன்னொருவர் 'மன அழுத்தம்' என்று வாசித்துவிட்டு, "எனக்குப் பிரஷர் இல்லை" என்று அந்தப் பகுதியையே தாண்டிப் போனார். ஆனால் நேரில் கதைக்கும்போது அதே பெண், "கனக்க யோசிக்கிறன், நெஞ்சு இறுகுது, விடிய விடிய நித்திரை இல்லை" என்று சொன்னார். அவர் சொன்ன ஒரு சொல்கூட அந்தப் பக்கத்தில் இருக்கவில்லை.

மாணவி இதை நான்கு பக்கத்தில் எழுதினாள். பொத்தான் 'என் பதிலைப் பார்க்க' என்று மாறியது. அதற்குக் கீழே 'இது வேறு யாருக்கும் போகாது' என்ற வரியும் வந்தது. அப்படி எழுத முடிவதற்கு முன், அது உண்மைதானா என்று மென்பொருள் செய்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வேண்டியிருந்தது.

ஐந்து பேர் காணுமா என்று நீங்கள் கேட்பீர்கள். ஐந்து பேரிலேயே ஏறக்குறைய 85 வீதமான பயன்பாட்டுச் சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று இந்தத் துறையின் ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000ல் எழுதினார். ஆனால் அது ஒரே வகையான ஆட்களுக்கு. கொட்டாஞ்சேனை அம்மாவையும் கம்பஸ் பொடியனையும் ஒரே கணக்கில் சேர்க்க முடியாது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் சோதித்துவிட்டு தமிழுக்கு மொழிபெயர்த்து ஒட்டினால் என்ன நடக்கும் என்று மேலே பார்த்தோம். தமிழில் பக்கத்தில் இருந்து கேட்கத் தெரிந்த ஆள் இந்த நாட்டில் மிகவும் தேவை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி நீங்கள் பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. இந்தத் தளங்களில் அடிக்கடி வருவது மனச்சோர்வை அளக்கிற பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்விகள். ஒன்பதாவது, செத்துப்போனால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்த வேண்டும் என்றோ நினைப்பு வந்ததா என்று கேட்பது. சோதனைக்கு வந்தவர் அப்படி நினைப்பு வந்தது என்று அழுத்தினால் என்ன செய்வது? அதனால் நல்ல ஆய்வாளர் இந்தக் கேள்விக்குச் சொந்தப் பதிலைக் கேட்கவே மாட்டார். கற்பனையான ஒருவரின் கதையைக் கொடுத்து, அவராக நினைத்துப் பதில் போடச் சொல்வார். ஆள் கலங்கினால் சோதனை அந்த இடத்திலேயே நிற்கும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற உதவித் தொலைபேசி இலக்கம் கையோடு இருக்கும், அழைக்க ஒரு மேற்பார்வையாளர் இருப்பார். 2022ல் நிறைவேறிய தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகையில் வைத்திருக்கிறது. அதனால் ஒலிப்பதிவைக்கூட கண்டபடி வைத்திருக்கக் கூடாது. எங்கள் வீடுகளில் ஒரு போனை மூன்று பேர் பாவிக்கிறோம். சட்டென்று பக்கத்தை மூட ஒரு பொத்தான் வேண்டும் என்று சொல்வதும் இவள் வேலைதான்.

கேட்டுக் கேட்டு அவளுக்கும் மனம் பாரமாகாதா என்றால், ஆகும். மறைக்க மாட்டேன். நாளொன்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு மேல் சந்திக்க விடாத, பிறகு இருந்து கதைக்க ஒருவரைத் தருகிற குழுவில்தான் சேர வேண்டும். நேர்முகத்தேர்வில் அவளே அதைக் கேட்கட்டும். கேட்டால் வேலை போய்விடும் என்று பயப்பட வேண்டாம்.

மனநல ஆஸ்பத்திரி இருக்கிற 'அங்கொடை' என்ற ஊரின் பெயரை நீங்கள் மெதுவாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னீர்கள். கல்யாணப் பேச்சு வந்தால் இந்த வேலையை எப்படிச் சொல்வது என்றும் கேட்டீர்கள். உங்களில் பிழை சொல்லவில்லை. ஓர் ஊரின் பெயரையே ஏச்சாக்கிவிட்டோம். அந்த வெட்கத்தால்தான் ஒருவர் கிளினிக்குக்குப் போகாமல் இரவில் போனைத் திறக்கிறார். அவரிடம் முதலில் போய்ச் சேரக்கூடியது அந்தப் பக்கம்தான், அக்கா.

சரி, வேலை கிடைக்குமா? மனநலத் தளங்களுக்கென்று கொழும்பில் தனிப் பதவிகள் மிகக் குறைவு. மருதானை ட்ரேஸ் சிட்டி, தெமட்டகொடை ஓரியன் சிட்டி பக்கம் உள்ள மென்பொருள் கம்பனிகளிலும் வங்கிகளிலும் இன்டர்னாகத் தொடங்குவதே நடைமுறை. பதவிப் பெயர் டிசைனர் என்றோ பிசினஸ் அனலிஸ்ட் என்றோ இருக்கலாம். வங்கிச் செயலியைப் பாவிக்கத் தெரியாமல் தடுமாறுகிற ஐயாவின் பக்கத்தில் பொறுமையாக இருக்கப் பழகியவளுக்கு, பிறகு மனநலப் பக்கம் வருவது கஷ்டமில்லை. இரண்டு வருடம் அப்படிப் போகட்டும்.

வெளிநாட்டு மாஸ்டர்ஸுக்கு இப்போதே நகையை அடகு வைக்காதீர்கள். கூகிளின் யூஎக்ஸ் டிசைன் சான்றிதழை இணையத்தில் செய்யலாம், ஆனால் அதே சான்றிதழ் ஏராளமான பேரிடம் இருக்கிறது. இறுதி வருட ஆய்வுக்கு இந்தத் தலைப்பையே எடுத்து, கம்பஸின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கிச் செய்தால் அது அவளுடையதாகவே இருக்கும். சிங்களம் பேச்சளவில் போதாது, குறிப்பெடுக்குமளவுக்கு வர வேண்டும். மனம் உடைந்தவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும், 1974லிருந்து இயங்கும் சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பில் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். புத்தி சொல்லாமல் கேட்டுக்கொண்டிருக்க அங்கே பழகலாம். என் மாணவர்களுக்கு மிகக் கடினமாக இருப்பது அதுதான்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அதற்கு முன் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். உங்கள் போனில் தமிழில் உள்ள ஏதாவது ஓர் உடல்நலப் பக்கத்தை அவள் திறந்து தரட்டும். நீங்கள் வாய்விட்டு வாசியுங்கள், அவள் ஒன்றும் திருத்தாமல் பக்கத்துக் கதிரையில் இருந்து எழுதட்டும். அந்தக் கொப்பியையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.