காப்பீட்டு கார்டு: அக்காகிட்ட கேளுங்க

கோத்தகிரி: அக்கா, பாப்பாவுக்கு இதயத்துல ஓட்டை. ரேஷன் கார்டுல எங்க ரெண்டு பேர் பேர்தான் இருக்கு. முதல்வர் காப்பீட்டுல ஆபரேஷன் பண்ண முடியுமா?

வழி இருக்கு தம்பி, பதறாதே. அந்தத் திட்டத்துல குடும்பம்னா ரேஷன் கார்டுல பேர் இருக்கிறவங்கதான். பிறப்புச் சான்றிதழோட இன்னைக்கே இ-சேவைக்குப் போய்ப் பேரைச் சேரு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ளன்னு வருமானச் சான்றும் வாங்கு. ரெண்டையும் எடுத்துட்டு ஊட்டி கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்துக்குப் போ. அதுவரைக்கும் சும்மா இருக்காதே. அங்கன்வாடிக்கு வர்ற ஆர்பிஎஸ்கே டாக்டர்கிட்ட, அதாவது குழந்தைங்களைப் பரிசோதிக்கிற அரசுத் திட்ட டாக்டர்கிட்ட காட்டு. பிறவிக் கோளாறு கண்டுபிடிச்சு மேல அனுப்புறதுதான் அவங்க வேலை.

நான் காப்பீட்டு மேசையில இருந்தப்ப ஒரு எஸ்டேட் அம்மா, கொழுந்துக் கறை படிஞ்ச விரலால பாலித்தீன் கவரைப் பிரிச்சு கார்டை நீட்டினாங்க. கார்டுல மூணு பேர். ஆபரேஷன் தேவைப்பட்ட நாலாவது ஆள் இடுப்புல தூங்குது. திருப்பி அனுப்பினேன். இன்னும் உறுத்துது.

குன்னூர்: காய்ச்சலுக்கு கிளினிக் பில் 800. கார்டுல கழியுமா?

கழியாது. படுக்கையில சேர்த்துப் பார்க்கிற, பட்டியல்ல இருக்கிற சிகிச்சைக்குத்தான்.

கூடலூர்: குழந்தை பேர் கார்டுல இல்லன்னா?

மேல படிங்க.

ஊட்டி: நம்ம ஊர்ல இதாவது இருக்கு. அமெரிக்காவுல ஏழைங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு மெடிக்கெய்டையே வெட்டிட்டாங்களாமே, ஏழைக் குழந்தைங்க கதி?

2025 ஜூலை 4 அன்னைக்குக் கையெழுத்தான சட்டம் அது. மாசம் 80 மணி நேரம் வேலைன்னு நிபந்தனை வர்றது பெரியவங்களுக்கு, 2027-லிருந்து. 13 வயசு வரைக்கும் பிள்ளை வச்சிருக்கிற பெத்தவங்களுக்கு விலக்கு. குழந்தைக்கு நிபந்தனையே கிடையாது.

ஊட்டி: அப்புறம் என்ன பிரச்சினை?

கோவிட் காலத்துல யாரையும் நீக்காம வச்சிருந்தாங்க. 2023 ஏப்ரல்லிருந்து மறுபடி சரிபார்த்தாங்க. நீக்கப்பட்டவங்கள்ல பத்துக்கு ஏழு பேர் போனது படிவம் திரும்பி வரல, விலாசம் மாறிடுச்சு மாதிரி காரணத்துக்கு. தகுதி இருந்த குழந்தைங்களும் அதுல போயிடுச்சு.

குன்னூர்: எல்லாத்துக்கும் பேப்பரையே சொல்றீங்க. காசை வெட்டினதுதானே காரணம்?

காசை வெட்டுறவன் நேரா குழந்தை பேரை வெட்ட மாட்டான் தம்பி. படிவத்துல ஒண்ணு கூட்டுவான்.

குன்னூர்: அப்ப நான் சொன்னதுதான் சரி.

சரி, பாதி உனக்கு.

பந்தலூர்: அக்கா, எங்க பையன் பேர் கார்டுல இல்ல...

பிறப்புச் சான்றிதழ். இ-சேவை. மழை பிடிக்கிறதுக்குள்ள போங்க.