கிளாசிக்கல் கிட்டாரில் ஜாஸ் பேலட், அதாவது மெதுவான ஜாஸ் பாடல், வாசிக்க முடியுமா? அதற்கு எலக்ட்ரிக் கிட்டார் வாங்கியே ஆக வேண்டுமா?

வாங்க வேண்டியதில்லை. ஆனால் எலக்ட்ரிக் கிட்டாருக்கென்று எழுதப்பட்ட ஒழுங்கமைப்புகளை அப்படியே கிளாசிக்கல் கிட்டாருக்கு மாற்றி வாசிக்க முனைந்தால் ஒரு வாரத்தில் சலித்துப்போவீர்கள். இரண்டும் ஆறு தந்திகள் கொண்டவை, ஒரே முறையில் சுருதி சேர்க்கப்படுபவை என்பதைத் தவிர, மெதுவான பாடல்களைப் பொறுத்தவரை இவ்விரண்டுக்கும் ஒற்றுமை குறைவு. பல ஆண்டுகளாக வீட்டில் இந்த வகைப் பாடல்களை மட்டுமே விரும்பி வாசித்து வருகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் தந்தியைப் பற்றி. ஜாஸ் உலகில் இன்றும் கிளாசிக்கல் கிட்டாரை குடல் நரம்புக் கிட்டார் என்று அழைப்பவர்கள் உண்டு என்றாலும், கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் நைலான் தந்திதான். ஆட்டுக்குடலில் முறுக்கிய தந்திகள் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அறுவைச் சிகிச்சைத் தையல் நூலுக்குத் தேவைப்பட்டதால் இசைக்கலைஞர்களுக்குக் கிடைப்பது அரிதானது. அந்த நெருக்கடியில்தான் நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்பர்ட் அகஸ்டின் நைலானில் தந்தி செய்து பார்த்தார். ஸ்பெயினின் புகழ்பெற்ற கிளாசிக்கல் கிட்டார் கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியா அதை ஏற்றுக்கொண்டதும் 1940-களின் பிற்பகுதியிலிருந்து நைலான் பரவியது. அசல் குடல் தந்தி நைலானைவிட அடர்த்தி மிக்கது என்பதால் அதே சுருதிக்குச் சற்று மெல்லியதாக இருந்தால் போதும், ஒலியும் கூடுதல் தெளிவுடன் வரும். ஆனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சுருதி கலையும், விரைவில் நார்நாராகப் பிரியும். சென்னை போன்ற கடலோர ஊரில் அதைக் கட்டி வைத்துக்கொண்டு அவதிப்படச் சொல்லி யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நைலானின் மூன்றாம் தந்தி தடித்து மந்தமாக ஒலிப்பது உங்களை உறுத்தினால், அந்த ஒன்றை மட்டும் கார்பன் தந்தியாக மாற்றிக்கொள்ளலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பேலட் என்பது நீண்ட கார்வைகளால் ஆனது. சாக்ஸஃபோன் வாசிப்பவர் ஒரு சுரத்தை மூச்சுள்ளவரை நிறுத்தி, நடுவில் அதை வளர்க்கவும் செய்யலாம். எலக்ட்ரிக் கிட்டாரில் ஆம்ப்ளிஃபயர் ஓரளவு கைகொடுக்கும். நைலான் தந்தியிலோ மீட்டிய கணத்திலேயே ஒலி தேயத் தொடங்குகிறது, அதிலும் முதல் தந்தியில் ஏழாம் ஃபிரெட்டை (நெக்கில் பதித்த குறுக்குக் கம்பியை) தாண்டினால் இன்னும் வேகமாகத் தேய்கிறது. புதிதாக வருகிறவர்கள் இந்த வெற்றிடத்தைக் கண்டு அஞ்சி, ஒவ்வொரு கார்வையிலும் ஓர் ஆர்பெஜியோவை, அதாவது ஒரு கார்ட்டின் சுரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவதை, திணித்துவிடுகிறார்கள். பிறகு கேட்பவருக்கு மெட்டு எது, நிரப்பல் எது என்று புரியாது. மேல் சுரம் தேயும்போது உள்ளே ஒரே ஒரு குரல், அதாவது மெட்டுக்கும் பேஸுக்கும் இடையிலுள்ள ஒரு சுரம், ஓர் அரைச்சுரம் நகர்ந்தால் போதும், காது அந்த மேல் சுரம் இன்னும் ஒலித்துக்கொண்டிருப்பதாகவே எடுத்துக்கொள்ளும். இந்தக் கருவியில் பேலட் வாசிப்பதன் கலை ஏறக்குறைய முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது என்பது என் கருத்து.

ஒரு எடுத்துக்காட்டு. ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் 1937-இல் இசையமைத்த ‘மை ஃபன்னி வாலன்டைன்’ சி மைனரில் அமைந்தது. அந்த ஸ்கேலில் உங்கள் கிட்டாரின் திறந்த தந்திகளில் டி, ஜி இரண்டு மட்டுமே பொருந்தும். ஆகவே இடக்கை எந்நேரமும் பாரே (ஒரே விரலால் பல தந்திகளை அழுத்துவது) பிடித்தபடியே இருக்க நேரிடும். அதையே ஏ மைனருக்கு இறக்குங்கள். ஐந்தாம் தந்தியைத் திறந்தபடி கட்டைவிரலால் மீட்டி விட்டுவிட்டால் அடித்தளம் தானாக நிற்கும். ஐந்தாம் ஃபிரெட்டில் சுட்டுவிரலை முதல் மூன்று தந்திகளின் மேல் படுக்கவைத்து, மோதிரவிரலால் நான்காம் தந்தியின் ஏழாம் ஃபிரெட்டை அழுத்துங்கள். மெட்டின் முதல் சொற்றொடர் முதல் தந்தியில் ஐந்து, ஏழு, எட்டு, பிறகு ஏழு, எட்டு, ஏழு என்று சுண்டுவிரல் எட்டும் தூரத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. இரண்டாம் பார் (தாளச் சுற்று) தொடங்கும்போது மோதிரவிரலை எடுத்து, நடுவிரலால் நான்காம் தந்தியின் ஆறாம் ஃபிரெட்டைப் பிடியுங்கள். மேலே ‘பி’ சுரம் கார்வையாக நிற்கையில், உள்ளே ஏ-யிலிருந்து ஜி ஷார்ப்புக்கு இறங்கியிருப்பீர்கள். மூன்றாம் பாரில் ஐந்தாம் ஃபிரெட், நான்காம் பாரில் நான்காம் ஃபிரெட் என்று அதே தந்தியில் அந்த உள்குரல் படிப்படியாக இறங்கி ஐந்தாம் பாரில் எஃப்பை அடையும். பாடலின் சோகம் முழுவதும் அந்த ஒற்றைத் தந்தியில்தான் இருக்கிறது. அதைத் தனியாக, வேறெதுவும் இல்லாமல் வாசித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஸ்கேலை மாற்றுவதை ஜாஸ்காரர்கள் சிலர் ஏமாற்று வேலையாகக் கருதுகிறார்கள். சேர்ந்து வாசிக்கும் மேடையில் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு, காற்று வாத்தியங்களுக்கு ஃபிளாட் ஸ்கேல்கள் வசதியானவை. தனியாக வாசிக்கும்போது அந்தக் கட்டாயம் எதற்கு? ஜானி கிரீன் 1930-இல் இசையமைத்த ‘பாடி அண்ட் சோல்’ வழக்கமாக டி ஃபிளாட்டில் வாசிக்கப்படுகிறது. அந்த ஸ்கேலின் 7 சுரங்களில் ஒன்றுகூட கிட்டாரின் திறந்த தந்திகளில் இல்லை. ஆறாம் தந்தியை டி-க்குத் தளர்த்திவிட்டு அரைச்சுரம் ஏற்றி டி மேஜரில் வாசித்தால் ஆறு திறந்த தந்திகளுமே உங்கள் பக்கம் வந்துவிடும். இதற்கு ஒரு விலையும் உண்டு: நடுப்பகுதி அரைச்சுரம் மேலேறும் பாடல் அது என்பதால், அங்கே ஈ ஃபிளாட்டில் மாட்டிக்கொள்வீர்கள். அந்தச் சில பார்களுக்குச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

வலக்கையைப் பொறுத்தவரை, கட்டைவிரலோடு மூன்று விரல்கள், ஆக ஒரே நேரத்தில் நான்கு சுரங்கள்தான் உங்கள் எல்லை. நான்கையும் எப்போதும் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை. பேஸ், கார்ட்டின் மூன்றாம் அல்லது ஏழாம் சுரம், மெட்டு ஆகிய மூன்றும் இருந்தால் பெரும்பாலான கார்ட்டுகள் முழுமையாகவே கேட்கும். பிக்கால் அடித்தால் எல்லாத் தந்திகளும் கிட்டத்தட்ட ஒரே பலத்தில் ஒலிக்கும். விரல்களால் மீட்டும்போது மட்டுமே மெட்டைத் தனியே தூக்கிக் காட்ட முடியும். மெட்டுச் சுரத்துக்கு மட்டும் அபோயாண்டோ, அதாவது மீட்டிய விரல் அடுத்த தந்தியில் சாய்ந்து நிற்கும் முறையைப் பயன்படுத்தி, உள்குரல்களை லேசாகக் கிள்ளிவிடுங்கள். சார்லி பேர்ட் 1954-இல் இத்தாலியின் சியெனாவில் செகோவியாவிடம் பயின்றுவிட்டு வந்து வாஷிங்டனில் ஜாஸ் வாசித்தவர். அவருடைய மெதுவான பாடல்களில் இந்த ஏற்றத்தாழ்வு துல்லியமாகக் கேட்கும். சுவிங் தாளத்தில் அவர் சற்று விறைப்பாக இருப்பார் என்பது என் எண்ணம், ஆனால் பேலட்டில் அது குறையாகத் தெரிவதில்லை.

எஃகுத் தந்தியில் செய்வதுபோல் பக்கவாட்டில் இழுத்து வளைப்பது இங்கே அவ்வளவாகப் பலிக்காது. மாறாக விரலைத் தந்தியின் நீளவாக்கில் மெல்ல அசைத்தால் சுரம் மேலும் கீழும் இழையும், கார்வையும் சற்று நீண்டதுபோல் தோன்றும். சொற்றொடரின் முடிவில் ஹார்மோனிக்ஸ் (தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் மணி போன்ற சுரங்கள்) வைக்க விரும்பினால், ஜாஸ் கிட்டார் கலைஞர் லெனி ப்ரோவைக் கேளுங்கள். பிடித்திருக்கும் இடத்திலிருந்து பன்னிரண்டு ஃபிரெட் தள்ளி வலது சுட்டுவிரலால் தொட்டு, கட்டைவிரலால் மீட்டி, அதை இயல்பான சுரங்களோடு மாற்றி மாற்றிக் கோப்பது அவர் முறை. ஜோ பாஸ் எலக்ட்ரிக்கில் புகழ்பெற்றவர் என்றாலும், 1992-இல் நைலான் தந்திக் கிட்டாரில் தனியாகப் பதிவுசெய்த பேலட்டுகளும் உண்டு. அவற்றில் அவர் எவ்வளவு சுரங்களை வாசிக்காமல் விட்டுவிடுகிறார் என்பதைக் கவனியுங்கள்.

கடைசியாக, எந்த மாதிரிக் கருவி வேண்டும் என்பதற்கு: 52 மில்லிமீட்டர் அகல நெக் முதலில் உங்கள் கையைச் சோதிக்கும், எலக்ட்ரிக்கில் அது 43-ஐ ஒட்டியிருக்கும். ஆனால் அந்த அகலம்தான் உள்குரல்களைப் பக்கத்துத் தந்தியில் உரசாமல் நகர்த்த இடம் தருகிறது. ஆகவே ‘ஜாஸுக்கானது’ என்று குறுகிய நெக்கோடு விற்கப்படும் நைலான் கிட்டார்களை நான் தவிர்ப்பேன். மெட்டைப் பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்குள் அடக்கி வாசித்தால் கட்-அவே வைத்த (மேல் ஃபிரெட்டுகளை எட்ட ஓரம் வெட்டிய) உடலும் தேவையில்லை. வெளியே வாசிக்கும் நாள் வந்தால், பிரிட்ஜுக்கு அடியில் வைத்து அதிர்வை உணரும் பியேசோ பிக்கப்பை நாடுவதற்கு முன், ஒரு சாதாரண கண்டென்சர் மைக்கைப் பரிசீலியுங்கள். பியேசோ, அபோயாண்டோவில் நீங்கள் கட்டிவைத்த வேறுபாட்டைத் தட்டையாக்கிவிடும்.