அண்ணனுக்கு யார் சொல்வது?

கேள்வி: செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். வயது 44. கிளாக்கோமா என்கிற கண்நீர் அழுத்த நோய் இருப்பதாக ஆறு மாதம் முன்பு சொன்னார்கள். ஓரப் பார்வை நிறையப் போய்விட்டதாம். கொலுசு வளையம் நன்றாகத் தெரிகிறது, ரோட்டில் பக்கவாட்டில் வரும் வண்டிதான் தெரிவதில்லை. சொட்டு மருந்து விடுகிறேன். மனைவியிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. அப்பாவுக்கும் கடைசிக் காலத்தில் கண் தெரியாமல் போனது, வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். ஏற்காட்டுக்கு வேன் ஓட்டும் அண்ணனோடு பாகப் பிரச்சினையில் மூன்று வருடமாகப் பேச்சில்லை. மனம்விட்டுப் பேச ஆளில்லை. எங்கே போவது? - சேலம் வாசகர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் நான் நின்றுபோன இடம் அந்த வேன். போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அதைத் தாண்ட முடியவில்லை.

இந்த நோய் ரத்த உறவில் தொடரக்கூடியது. கூடப் பிறந்தவர் ஒருவருக்கு வந்துவிட்டால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு ஊரில் உள்ளவர்களைவிடப் பல மடங்கு அதிகம். உங்கள் அப்பாவுக்கு இருந்ததும் இதுவாகவே இருந்திருக்கலாம். இதை டாக்டர் உங்களிடம் கேட்டிருப்பாரே, "வீட்டில் வேறு யாருக்காவது உண்டா" என்று? என்ன பதில் சொன்னீர்கள்?

பெரும்பாலும் இதில் வலி இருக்காது, கண் சிவக்காது. எதிரே இருப்பது பளிச்சென்று தெரியும்போதே ஓரம் தேய்ந்துகொண்டு வரும். ஒரு கண்ணில் விட்டுப்போனதை இன்னொரு கண் சரிக்கட்டிவிடுவதால் ஆளுக்கே தெரியாது. உங்களுக்கே பாருங்கள், பொடி வளையம் தெரிகிறது, பக்கத்தில் வரும் பைக் தெரியவில்லை. இதே பார்வையோடு ஒருவர் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிறார் என்று வையுங்கள். பின்னால் குழந்தை குட்டிகளோடு ஒரு வேன் நிறைய ஜனம். அவருக்கு நோய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டிய ஒரே ஆள் நீங்கள்தான், ஆறு மாதமாக வாயை மூடிக்கொண்டு இருக்கிறீர்கள் என்கிறேன்.

பாகத்தை இன்னும் பத்து வருடம் கழித்துக்கூட உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம். செத்துப்போன கண் நரம்பை எந்த டாக்டராலும் மீட்க முடியாது. முன்கூட்டியே கண்டுபிடித்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான். இது தெரிந்தும் அண்ணனிடம் சொல்லாமல் இருப்பதை நான் ரோஷம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அது துரோகம். நியாயம் யார் பக்கம் இருந்தாலும் சரி, கூடப் பிறந்தவன் கண்ணைவிடப் பெரிய சொத்து கிடையாது.

இன்றைக்கே போன் போடுங்கள். எடுக்கவில்லையா, அண்ணியைக் கூப்பிடுங்கள். அதுவும் முடியாவிட்டால் நேரில் போய் நில்லுங்கள். பாகப் பேச்சை அன்றைக்கு எடுக்கவே வேண்டாம். "எனக்குக் கண்ணில் இப்படி, நீயும் பார்த்துக்கோண்ணா" என்பது போதும். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துவிட்டு வந்தால் காணாது. கண் டாக்டரிடம் போய் அழுத்தம், கண் நரம்பு, பார்வைப் பரப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சேலம் ஜி.எச்.சில் கண் பிரிவு இருக்கிறது, காசு ஒரு சாக்காக வேண்டாம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மனைவியிடம் இன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள். அடுத்த செக்கப்புக்குக் கூட்டிப் போங்கள், டாக்டர் சொல்வதை அவரும் கேட்கட்டும். சொட்டு மருந்து ஆயுசுக்கும் வேண்டும், ஒரு வேளைகூட விடக் கூடாது. விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரக் கண் முனையை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். டாக்டர் சரி என்று சொல்லும் வரை பைக் எடுக்காதீர்கள். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்வைப் பரப்பு 40 டிகிரிக்குக் கீழே போயிருந்தால், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அது குறைபார்வை. சான்றிதழ் பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

மனம்விட்டுப் பேச ஆளில்லை என்கிறீர்கள். மனைவியிடம் மறைத்து, அண்ணனை ஒதுக்கி வைத்துவிட்டு என்னிடம் ஆள் கேட்டால் நான் எங்கே போவேன்? அண்ணன் வீட்டுக்குப் போகும்போது உங்கள் ரிப்போர்ட்டை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள். அவரைப் பார்க்கப்போகும் டாக்டருக்கு அது உதவும்.