தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து டயாலிசிஸுக்கு மாறுவது குறித்து

தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக 6 ஆண்டுகள் பணியாற்றிச் சலித்துவிட்டது என்றும், டயாலிசிஸ் பிரிவுக்கு மாறினால் கற்றதெல்லாம் வீணாகுமோ என்றும் கேட்டிருந்தீர்கள். நிச்சயம் வீணாகாது. இரத்த அழுத்தம் சரியப்போவதை முன்கூட்டியே உணர்வது, உடலில் நீரின் அளவைக் கணக்கிடுவது, பொட்டாசியம் மிகும்போது இதயத்துடிப்பில் தோன்றும் மாறுதலை மானிட்டரில் கண்டுகொள்வது ஆகிய அனைத்தும் அங்கே அன்றாடம் தேவைப்படும். புதிதாகக் கற்க வேண்டியவற்றில் முக்கியமானவை இயந்திரத்தை இயக்குவதும் ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அமைக்கும் இரத்தக்குழாய் இணைப்பில்) ஊசி செலுத்துவதும். பின்னது கைப்பழக்கத்தால்தான் வரும். ஆனால் நீங்கள் தேடுவது பலவகை நோயாளிகளை என்றால் சற்று யோசியுங்கள்: பெரும்பாலும் வாரத்துக்கு 3 முறை, ஏறத்தாழ 4 மணி நேரம், அதே முகங்களைத்தான் பார்ப்பீர்கள். அந்த நெடுநாள் உறவையே பெரும் நிறைவாகக் கருதுபவள் நான். நாள்தோறும் புதியவர்கள் வேண்டுமென்றால் அவசர சிகிச்சைப் பிரிவே உங்களுக்குப் பொருந்தும். மாறுதல் விண்ணப்பம் கொடுக்கும் முன், இரு பிரிவுகளிலும் ஓரிரு நாள் உடனிருந்து பார்க்க உங்கள் செவிலியர் கண்காணிப்பாளரிடம் அனுமதி கேளுங்கள்.