கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம்

வணக்கம் அம்மா. பிளஸ் ஒன் படிக்கும் உங்கள் மகன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் வாத்தியாரைக் கார்ட்டூனாக வரைகிறான், இதை வைத்துச் சோறு சாப்பிட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல மனம் வரவில்லை. கார்ட்டூன் வரைந்த ஒரு வாத்தியாரைப் பற்றிச் சொல்கிறேன்.

ரொடால்ஃப் டோப்ஃபர், 1799-ல் ஜெனிவாவில் பிறந்தவர். அப்பா ஓவியர். மகனுக்கும் அதே ஆசைதான், ஆனால் கண்ணில் கோளாறு. ஓவியம் ஒத்துவராது என்று தெரிந்ததும் ஆசிரியர் ஆனார். 1824-ல் சொந்தமாக ஒரு விடுதிப் பள்ளி தொடங்கினார். மனைவி வீட்டுப் பணம் கைகொடுத்தது. சாதனைக் கதை சொல்பவர்கள் இதை மட்டும் விட்டுவிடுவார்கள். 1832-ல் ஜெனிவா அகாடமியில் பேராசிரியர். ஆக, கடைசிவரை சம்பளம் வந்தது பாடம் நடத்தித்தான்.

படங்கள் ஓய்வு நேரத்தில் வந்தவை. வண்ணம் கிடையாது, வெறும் பேனாக் கோடு. கட்டம் கட்டமாகப் படம், ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி எழுத்து. காதலில் விழுந்து அல்லாடும் ஒரு மனிதரின் கதையை 1827-ல் இப்படி வரைந்தார். மாணவர்களும் நண்பர்களும் கைமாற்றிப் படித்துச் சிரித்தார்கள். அச்சிடத்தான் தயக்கம், வாத்தியார் மரியாதை போய்விடுமே என்று. (உங்கள் பயமும் ஏறக்குறைய இதுதானே?) 1830-களின் தொடக்கத்தில் ஒரு நண்பர் மூலம் அவர் வரைந்த சில பட நோட்டுகள் ஜெர்மானியக் கவிஞர் கோதேயின் கைக்குப் போயின. பெரியவர் ரசித்துப் பாராட்டியதும் இவருக்குத் தைரியம் வந்தது. 1837-ல் அந்தக் காதல் கதை புத்தகமானது. 1842-ல் அவரைக் கேட்காமலேயே நியூயார்க்கில் ஆங்கிலத்திலும் போட்டுவிட்டார்கள். 1846-ல் காலமானார். காமிக்ஸின் தந்தை என்று இன்று பலர் அவரைத்தான் சொல்கிறார்கள்.

கண் சரியில்லாததால் கோட்டோடு நின்றார். கோடே அவர் பாணியாயிற்று. பிழைப்புக்குப் பார்த்த வேலையே முதல் வாசகர்களையும் கொடுத்தது. அதனால் பையன் எந்தப் படிப்பை எடுத்தாலும் சரி, வரைவதை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள். அதே சமயம், அழகாக வரைகிறான் என்பதை வைத்து நான் எதையும் முடிவு செய்ய மாட்டேன். சினிமாவில் ஸ்டோரிபோர்டு (எடுக்கப்போகும் காட்சிகளை முன்கூட்டியே கட்டம் கட்டமாக வரைவது), அனிமேஷன், சிறுவர் புத்தகம் எல்லாவற்றிலும் படத்தால் கதையை நகர்த்தத் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

ஒரு வேலை கொடுங்கள். இருபத்து நாலு கட்டத்தில் ஒரு கதை, கறுப்பு மை மட்டும். ஜெராக்ஸ் எடுத்துப் பத்துப் பேரிடம் கொடுக்கட்டும். அவர்கள் படிக்கும்போது விளக்கம் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே சிரிக்கிறார்கள், எங்கே முழிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளட்டும். முழித்த இடங்களைத் திரும்ப வரைகிறானா பாருங்கள். வரைந்தால் இரண்டு பிரதிகளையும் எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் அவனையும் கூட்டி வாருங்கள். அந்தக் கணக்கு நோட்டும் வேண்டும். கோபத்தில் கிழித்துவிடாதீர்கள்.