குக்கரைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள்

கேள்வி: நான்கு வருடத்துக்கு முன் வாங்கிய பிரஷர் குக்கர், ஐந்து மாதத்துக்கு முன் வெடித்தது. மூடி பறந்து, அம்மாவின் வலது கையும் கழுத்தும் வெந்துவிட்டன. கம்பெனியில் மூன்று வாரம் யாரும் போனை எடுக்கவில்லை. சர்வீஸ் சென்டர் ஆள், "உங்களுக்குக் குக்கர் வைக்கவே தெரியவில்லை" என்று அம்மாவிடமே சொன்னார். விபத்துக்கு இரண்டு மாதம் முன்பு சேஃப்டி வால்வு உருகிப்போனதால், பாத்திரக் கடையில் வேறு போட்டோம். இப்போது குக்கரைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்கிறார்கள். புதுக் குக்கரும் கொஞ்சம் பணமும் தருகிறார்களாம். இவர்களுக்குப் பாடம் புகட்ட முடியுமா?

பதில்: அம்மாவிடம் அப்படிப் பேசியது தப்புதான். ஆனால் அதை வைத்து வழக்கு நடத்த முடியாது. போன் எடுக்காததை வைத்தும் முடியாது. நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் வழக்கே: கடையில் வேறு வால்வு போட்டீர்கள்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84ஆவது பிரிவில், தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ குறை இருந்தால் உற்பத்தியாளர் பொறுப்பு. 87(1)இல், பொருளை மாற்றியிருந்தாலோ தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ விற்றவர்மேல் வழக்கு நிற்காது. அந்த உட்பிரிவு விற்பனையாளரைத்தான் சொல்கிறது. இருந்தாலும் "வெடித்தது நாங்கள் செய்த குக்கரே இல்லை" என்றுதான் கம்பெனி வக்கீலும் தொடங்குவார். பழைய வால்வு ஏன் உருகியது என்பது அவருடைய அடுத்த கேள்வியாக இருக்கும். உள்ளே தண்ணீர் வற்றினாலோ, வெயிட் உட்காரும் குழாய் அடைத்துக்கொண்டாலோ உருகுவதற்காகவே வால்வின் நடுவில் எளிதில் உருகும் உலோகத்தை வைத்திருக்கிறார்கள்.

உங்கள் பக்கமும் ஒரு கேள்வி இருக்கிறது. பல குக்கர்களில் மூடியின் விளிம்பில் ஒரு சின்னத் திறப்பு இருக்கும். வால்வு கைவிட்டாலும், அழுத்தம் ஏறும்போது கேஸ்கட் அந்த வழியே பிதுங்கி ஆவியை விட்டுவிட வேண்டும். உங்கள் மூடியில் அது இருந்தும் ஏன் வேலை செய்யவில்லை? கேஸ்கட் கம்பெனியுடையதுதான் என்றால் இந்தக் கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியே ஆகவேண்டும். அதையும் வெளியில் மாற்றியிருந்தால், ஒளிக்காமல் சொல்கிறேன், கம்பெனியோடு சமாதானமாகப் போய்விடுங்கள்.

கடைக்காரரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். விற்றவர் செய்த மாற்றமே பாதிப்புக்கு முக்கியக் காரணமானால், 86ஆவது பிரிவில் அவரும் பொறுப்பு. வால்வைச் செய்தது யார் என்றே தெரியாவிட்டாலும் அதே பிரிவு அவரைப் பிடிக்கும். பில் இல்லாவிட்டால் போனில் பணம் அனுப்பிய பதிவைத் தேடுங்கள்.

இனி நான் பயப்படுகிற விஷயம். குக்கரை அனுப்பாதீர்கள். என் கட்சிக்காரர் ஒருவர் கம்பெனி ஆளிடம் நம்பிக் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து "பயன்படுத்தியவரின் தவறு" என்று ஒரு பக்க அறிக்கை வந்தது. மூடி வரவே இல்லை. இன்னொரு வீட்டில், பார்க்கவே பயமாக இருக்கிறதென்று மூடியைத் தேய்த்துக் கழுவி வைத்துவிட்டார்கள். வெயிட் குழாயில் அடைப்பு இருந்ததா இல்லையா என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்தத் தண்ணீரோடு போய்விட்டது. மூடி, வால்வு, கேஸ்கட், வெயிட் எல்லாவற்றையும் இருக்கிறபடியே போட்டோ எடுத்துக் கட்டி வையுங்கள். வால்வைக் கழற்றிப் பார்க்கக்கூட வேண்டாம், ஸ்பேனர் தடம் விழும். 38(2)(c) பிரிவில் நுகர்வோர் ஆணையமே முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். பார்த்தே ஆகவேண்டும் என்றால், கம்பெனி ஆள் உங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் முன்னால் பார்க்கட்டும்.

இரண்டாவது ஆபத்து உங்கள் கோபம். ராத்திரி உட்கார்ந்து மெயில் எழுதாதீர்கள். "வேறு வால்வுதான் போட்டோம், அதனால் என்ன?" என்ற ஒரு வரி போதும், முதல் ஆவணமாக அதைத்தான் அவர்கள் தாக்கல் செய்வார்கள். அதற்காக வால்வு மாற்றியதை மனுவில் மறைக்கவும் கூடாது. மூடியைப் பார்க்கும் நிபுணருக்கு அது தெரிந்துவிடும். பிரமாணப் பத்திரத்தில் பொய் சொன்ன பிறகு மருத்துவச் செலவைக்கூட யாரும் நம்பமாட்டார்கள்.

மூன்றாவது, அந்தப் புதுக் குக்கர். அதோடு ஒரு தாள் வரும், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று. தீக்காயத் தழும்பு பல மாதம் கழித்தும் இறுகும். அம்மாவுக்கு விரல் மடக்க வராமல் போய் ஆபரேஷன் தேவைப்பட்டால், அந்தத் தாள் உங்கள் வாயை அடைத்துவிடும். மேல்சிகிச்சை தேவையா என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். அந்தச் சிகிச்சைக்கான தொகையும் சேர்ந்து வந்தால் வாங்கிக்கொண்டு முடிக்கலாம், அதையே நானும் சொல்வேன். கையெழுத்துப் போடும்போது, கடைக்காரர் மேலுள்ள உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று ஒரு வரி சேருங்கள்.

வழக்குப் போட, விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம் இருக்கிறது. கேஸ்கட் யாருடையது என்பதை மட்டும், தொடாமல், இன்றைக்கே பார்த்து எழுதுங்கள்.